நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. வாசலில் 'ஆய்வேடு சரிபார்ப்புப் பிரிவு' என்று ஒரு பலகை. உள்ளே ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ, இரண்டு நாற்காலி, சுவர் நெடுக அடுக்கிய ஆய்வேடுகள். அந்த மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவரை மாணவர்கள் 'அடிக்குறிப்பு மேடம்' என்பார்கள். எதிரில் நிற்கும்போது வெறும் மேடம்தான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் அடிக்குறிப்பு.

பட்டத்துக்காக எழுதப்படும் எந்த ஆய்வேடும், இணைப்புக் கல்லூரிகளில் எழுதியதாக இருந்தாலும், தேர்வாளருக்குப் போகுமுன் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். உள்ளே யார் சொன்னதையெல்லாம் எடுத்துப் போட்டிருக்கிறார்களோ அவர்கள் பெயர் கடைசிப் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருப்பவர்கள் உள்ளே எங்காவது வாய் திறந்திருக்கிறார்களா, அடுத்தவர் வாக்கியத்தை அப்படியே எடுத்த இடத்தில் மேற்கோள் குறியும் பெயரும் வருடமும் பக்கமும் உண்டா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஈயடிச்சான் காப்பி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வந்த பிறகும், அது விட்டுவிட்டதை இவர் பிடித்த கதைகள் நிறைய உண்டு. மாணவர்கள் எதிரில் வந்து நின்றால் மூன்றே கேள்விதான். "யாரு சொன்னா? எங்க சொன்னா? எத்தனாவது பக்கம்?"

இந்த வியாதி வீட்டிலும் அவரை விடவில்லை. கணவர் வாசலில் நின்றுகொண்டு, "மழை வரும்போல இருக்கு" என்றால், உள்ளேயிருந்து "யாரு சொன்னா?" என்று குரல் வரும். "வானம் சொல்லுச்சு. பக்கம் எத்தனைன்னு மட்டும் கேட்காதே" என்பார் அந்த மனிதர். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர் வேறு என்ன சொல்வார்!

இப்படிப்பட்டவர் தன் உத்தியோகத்தில் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தார். அதுவும் அச்சில்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், மேற்கோள் காட்டுவது எப்படி என்று இரண்டு பக்க மாதிரித் தாள் தயாரித்துத் தரும்படி மேலிடம் கேட்டது. நூலுக்கு ஓர் உதாரணம், கட்டுரைக்கு ஓர் உதாரணம், அச்சேறாத ஆய்வேட்டுக்கு ஓர் உதாரணம். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் சிக்கல். ஒரு பேராசிரியரின் மாணவர் ஆய்வேட்டைப் போட்டால் இன்னொரு பேராசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பேராசிரியர்களின் மனஸ்தாபத்தில் தலையைக் கொடுப்பானேன் என்று, மேடம் உலகத்திலேயே இல்லாத ஓர் ஆய்வேட்டைத் தானே உண்டாக்கி எழுதிவிட்டார். ஆசிரியர் இடத்தில் தன் அக்காவின் பெயர். தலைப்பு, 'பூட்டிய வீடுகளில் ஈரம்: ஒன்பது வீடுகளின் அளவீடு'. பக்கம் 112. அந்த எண்ணுக்கு ஒரு காரணமும் இல்லை. பேனா எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா என்று ஒருத்தி இருந்தாள். தலைப்பும் உண்மையானது. இதே பல்கலைக்கழகத்தில் கட்டடத் துறையில் அக்கா பதிவு செய்திருந்த தலைப்புதான் அது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சுவரில் ஈரம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது ஆராய்ச்சி. சாவியை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கறையின் உயரத்தையும் நீளத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும். நீளத்தை அளக்க இரண்டு பேர் வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் தங்கை. எட்டு வீடுகளுக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்து போனார்கள்.

ஒன்பதாவது வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் தங்கைக்குத் தோழிகளோடு சினிமாவுக்குப் போக ஆசை. "தலைவலிக்குது, நீ போயிட்டு வா" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அக்கா வாசலைத் தாண்டியதும் எழுந்து தலை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று பகலெல்லாம் மழை. அக்கா தொப்பலாக நனைந்து வந்தாள். நோட்டுகள் இருந்த பையைத் திறந்தால் எட்டு வீட்டுக் கணக்கும் கூழ். அன்று வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. பத்தாம் நாள் அக்கா இல்லை.

அந்தப் பத்து நாளில் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவலி உண்மையா என்று கேட்டிருந்தால் தங்கை அழுது ஒப்புக்கொண்டிருப்பாள். கேட்கவே இல்லை. தெரிந்துதான் போனாளா, தெரியாமல் போனாளா? முப்பத்தைந்து வருடமாக மேடத்தின் மனதைப் புழுவாக அரித்த கேள்வி அது ஒன்றுதான். அக்காவின் பெயரை மாதிரித் தாளில் போட்டதும் அந்த வலியில்தான். எழுதி முடிக்காமல் போனவளுக்கு ஒரு வரியிலாவது பட்டம் கிடைக்கட்டுமே என்று. பாவம், அதில் என்ன கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்தார்.

கெட்டுப்போனது என்று சொல்லத்தான் வேண்டும். மாணவர்கள் மாதிரித் தாளைக் கம்ப்யூட்டரில் திறந்து அதன் மேலேயே தங்கள் பட்டியலைத் தட்டச்சு செய்தார்கள். உதாரணத்தை அழிக்க மறந்தார்கள். அடுத்த வருடம் வந்தவர்கள் மூத்தவர்களின் பட்டியலை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். படிக்காத புத்தகத்தைப் படித்ததாகக் காட்டுவது மாணவர் குலத்துக்குக் கைவந்த கலை. பட்டியலில் இருந்தால் உள்ளேயும் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம் ஆயிற்றே. அதனால், 'ஈரம் பற்றி மேலும் காண்க: பக். 112' என்று உள்ளேயும் நுழைத்தார்கள். மேடம் பார்த்த இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்தார். மாதிரித் தாளையே மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். ஆகவே மாற்றவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மாணவர் ஒரு படி மேலே போனார். வெறும் 'காண்க' போதாதென்று மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியத்தையே போட்டார். பக்கம் 31. 'மூன்றாவது வீட்டின் கூடத்தில் ஈரம் இடுப்பளவு ஏறியிருந்தது, சுவரை ஒட்டி.' அவ்வளவுதான், பாதியில் நின்றது. துணிச்சலைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். அடித்த வாக்கியத்தை ஏனோ ஒரு பழைய அட்டவணை அட்டையின் பின்புறம் எழுதி மேசை இழுப்பறையில் போட்டார்.

நான்கு வருடம் கழித்து வேறொரு கல்லூரியிலிருந்து, வேறொரு துறையிலிருந்து, அந்த மாணவரைக் கண்ணால் கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் ஆய்வேடு வந்தது. அதில் பக்கம் 32. 'ஒரு நாற்காலி, சுவரைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து போன பிறகும் அது அப்படியே இருந்தது.'

மேடம் அதை மறுபடி படித்தார். இழுப்பறையிலிருந்து பழைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மூச்சில் சொன்னதுபோல ஒட்டிக்கொண்டன. அது மட்டும் என்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். அந்த நாற்காலியை அவர் பார்த்திருந்தார். மூன்றாவது வீட்டில், கூடத்தில். "யாருடி இங்க சுவரோட பேசிக்கிட்டு இருந்தது?" என்று அக்கா கேட்க, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவருக்குமே அந்த வீட்டில் நிற்கப் பிடிக்கவில்லை. இதை மேடம் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

அன்று அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு பொய் மேற்கோளைக் கண்டும் காணாமல் விட்டார்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஐந்து, ஆறு என்று வந்தன. ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. ஒவ்வொருவரும் தன் கட்டுரைக்கு ஒரு வரி தேவைப்பட்ட இடத்தில், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், தானே கதை கட்டிய வரி அது. மேடம் அவற்றை அட்டையில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் பக்க வரிசையாக அடுக்கினார். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய டப்பா. ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் போட்டிருந்தார். இருந்தும் தொட்டால் அட்டைகள் ஜில்லென்று இருக்கும். ஐந்தாவது வீட்டில் கதவுக்கு உள்பக்கம் குழந்தையின் கைத்தடம் இருந்ததைப் பக்கம் 58 சொன்னது. ஏழாவது வீட்டில் ஆள் இல்லாமலே கடிகாரம் ஓடியதைப் பக்கம் 90 சொன்னது. எல்லாம் அவர் பார்த்தவை. ஒன்றுகூட ஒன்றோடு முரண்படவில்லை. நாற்பத்து மூன்று அட்டைகள். பதினோராம் பக்கத்தில் தொடங்கி நூற்றுப் பதினொன்றில் நின்றது, எட்டாவது வீட்டுக் கதவைப் பூட்டும் இடத்தில்.

அதற்கு அடுத்தது ஒன்பதாவது வீடு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அதைக் 'காண்க' என்று சொன்னவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மேடம் அதற்குக் காத்திருந்தார். பயமாகவும் இருந்தது. அன்று அக்கா மனதில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பக்கத்தில்தான் தெரியும். அது பொய் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஆய்வேட்டையும் அதற்காகவே பிரித்தார்.

ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும்போது கண்புரை அறுவைக்காக இரண்டு வாரம் விடுப்பில் போனார். திரும்பி வந்தால் மேசை மேல் ஒரு கோப்பு. அவர் இல்லாத நாளில் கடந்துபோன ஓர் ஆய்வேடு, தேர்வாளரிடமிருந்து திரும்பியிருந்தது. பழைய கட்டடப் பராமரிப்பு பற்றி ஒரு பெண் எழுதியது. தேர்வாளர் எழுதியிருந்தார்: 'பட்டியலில் உள்ள ஓர் ஆய்வேடு எங்கும் கிடைக்கவில்லை. அது இருப்பதாகச் சரிபார்ப்புப் பிரிவு சான்று தர வேண்டும். இல்லையெனில் இம்மாணவி பொய் ஆதாரம் காட்டியதாகக் கொண்டு பட்டம் மறுக்கப்பட வேண்டும்.' வெள்ளிக்கிழமைக்குள் பதில். தேர்வாளர் மடித்து வைத்திருந்த இடத்தில் மேடம் ஆய்வேட்டைப் பிரித்தார். தனி ஆளாக அளக்கும்போது வரும் பிழைகளைப் பற்றிய பத்தி. நடுவில் மேற்கோள் குறிக்குள் நான்கு வரி. பக்கம் 112.

'மறுமுனையைப் பிடிக்க வேண்டியவளுக்கு அன்று தலைவலி. டேப்பின் நுனியில் ஒரு செங்கல்லை வைத்து நானே அளந்தேன். அதனால் ஒன்பதாவது வீட்டின் அளவு மட்டும் சற்று முன்பின் இருக்கலாம். இதில் வேறு யார் மீதும் தப்பில்லை, பிழை என்னுடையது.'

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் இல்லாத அறையில் நின்றுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா நம்பியிருக்கிறாள். அல்லது நம்பாமலே, நம்பியதுபோல் எழுதியிருக்கிறாள். இரண்டில் எதுவாக இருந்தாலும் தாங்க முடியவில்லை. அந்த நான்கு வரியையும் ஓர் அட்டையில் எழுதி டப்பாவில் கடைசியாக வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். தோளில் பையோடு வந்து நின்றாள்.

"உக்காரும்மா. இந்த ஆய்வேட்டை எங்க படிச்ச?"

"லைப்ரரிலதான் மேடம்."

"எந்த அலமாரி?"

அவள் பைக்குள் கை விட்டு எதையோ தேடினாள்.

"அட்டை என்ன நிறம்?"

அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "படிக்கல மேடம். எல்லார் லிஸ்ட்லயும் இருக்கு. சீனியர்ஸ் சொன்னாங்க, நூத்திப் பன்னெண்டுன்னு போட்டா யாரும் கேட்கமாட்டாங்கன்னு. அந்த எடத்துல ஒரு மேற்கோள் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. நானே எழுதிட்டேன்."

"யாரு சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லல. அதுவா வந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சத்தியமா சொல்றேன் மேடம், நான் டேப்பையே தொட்டதில்ல. என் ஆராய்ச்சி முழுக்கப் பேப்பர்லதான். தலைவலின்னு ஏன் எழுதினேன்னு எனக்கே தெரியல. எழுதறப்போ கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. அப்புறம் அடிச்சுடலாம்னு ரெண்டு மூணு தடவ பார்த்தேன். அடிக்க மனசு வரல."

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்தது சாதாரணப் பெண். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பெண்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மா மட்டும்தான். வர்ற மாசம் பட்டம் வாங்கிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"சரி, போ. வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காதே."

அவள் போன பிறகு மேடத்தின் முன் மூன்று வழி இருந்தது. 'பார்த்தேன், இருக்கிறது' என்று ஒரு கையெழுத்து. அவர் கையெழுத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பெண்ணுக்குப் பட்டம், அக்காவுக்கு ஓர் ஆய்வேடு, அவருக்கு அந்த நான்கு வரி. எல்லோருக்கும் நல்லது, பொய் என்பதைத் தவிர. இரண்டாவது, 'இல்லை' என்று மட்டும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்வது. அந்தப் பெண் ஒழிவாள், இவர் தப்பிப்பார். மூன்றாவது, மாதிரித் தாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்வது. சொன்னால் உத்தியோகம் போகும், டப்பாவும் போகும். அதைவிடப் பெரியது ஒன்று போகும். அந்த நான்கு வரியை அக்கா சொல்லவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கணவரிடம் சொல்லிவிட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, சினிமாவிலிருந்து நாற்காலி வரை எல்லாம். கணவர் தட்டைக் காலி செய்தார். பிறகு, "எழுதிக் குடுத்துட்டு வா. ஏழு மாசம் முன்னாடியே வீட்டுக்கு வந்தா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார். கை கழுவப் போனவர் திரும்பி நின்று, "உங்க அக்கா உன்னைத் திட்டியிருக்க மாட்டாங்க" என்றார். மேடம் அனிச்சையாக, "யாரு சொன்னா?" என்று கேட்டார். அவர் போய்க் குழாயைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மேடம் கடிதம் எழுதினார். அப்படி ஓர் ஆய்வேடு இல்லை. அதை உண்டாக்கியது நான். மாதிரித் தாளில் இருந்ததால்தான் மாணவர்கள் நம்பினார்கள். வந்த பொய் மேற்கோள்களைப் பல வருடமாகத் தெரிந்தே விட்டேன், விவரம் இணைப்பில். நாற்பத்து நான்கு அட்டைகளுக்கும் யார், எங்கே, எத்தனாவது பக்கம் என்று ஒரு பட்டியல். கடைசியில் முடிக்கும் வரியாக, யோசிக்காமல், 'இதில் வேறு யார் மீதும் தப்பில்லை. பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கம்போல் ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வரி அவருடையது இல்லை. சொல்லுக்குச் சொல் டப்பாவில் இருந்த வரி. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம் என்று யோசித்துப் பார்த்தார். வேறு மாதிரி வரவே இல்லை. கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்குச் செய்ததைத் தனக்கும் செய்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரிக்கு இருபுறமும் மேற்கோள் குறி போட்டார். கீழே பேனாவால் அக்காவின் பெயர், வருடம், தலைப்பு, பக்கம்.

என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதிரித் தாள் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பெண் நான்கு வரியை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் கொடுத்து, மூன்று மாதம் தள்ளிப் பட்டம் வாங்கினாள். மேடத்தை அன்றே பொறுப்பிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிஸ்கட் டப்பா சான்றாவணமாக நூலகப் பெட்டக அறைக்குப் போனது. அங்கே எதையும் எண் இல்லாமல் வைக்கக் கூடாது என்பது விதி. பெட்டக அறைக்காரர் ஓர் எண் போட்டு, ஆசிரியர் என்ற இடத்தில் அக்காவின் பெயரையும் தலைப்பு என்ற இடத்தில் 'பூட்டிய வீடுகளில் ஈரம்' என்பதையும் எழுதி அடுக்கிவிட்டார். இன்று யாராவது கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மேடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது துணைப் பதிவாளர் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மேடம், மேல அப்படி ஒரு ஆய்வேடே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. கீழ அதுல இருந்தே மேற்கோள் காட்டியிருக்கீங்க. நான் எதை எடுத்துக்கறது?"

"ரெண்டையும் எடுத்துக்கங்க சார்."

"அது எப்படி?"

"அந்தக் கடைசி வரி என்னோடது இல்ல சார். அடுத்தவங்க வரிய எடுத்தா பேரு போடணும்ல."

துணைப் பதிவாளர் மறுபடி அந்த வரியைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் மேசை முன் நின்றவர்தான். "சரி" என்றார் மெதுவாக. "யாரு சொன்னா இத?"

"எங்க அக்கா சொன்னா சார். நூத்திப் பன்னெண்டாவது பக்கம்."